படத்தின் ஆட்டம் நிற்கும் வரை

நிலா நிலையம், நாள் 112, 08:10. வழக்கமான பதிவு

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கழிவறை விசிறி வழக்கம்போல முனகுகிறது. நிலையத்தில் இரண்டே பேர். படமும் தொடர்பும் பார்க்கும் நான், சுகிர்தா. பாறை பார்க்கும் சுடலைமணி அண்ணாச்சி. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பள்ளத்துக்குப் போயிருக்கிறார்.

நான் நேற்றைய படத்தை எடிட் செய்கிறேன். செய்கிறேன் என்றா சொன்னேன்? கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியில் எடுக்கும் படமெல்லாம் லாக் முறையில்தான் இருக்க வேண்டும் என்பது பூமியிலுள்ள விளம்பரப் பிரிவின் உத்தரவு. அதில் வெளிச்சமும் நிழலும் முழுசாகப் பதிவாகும், நிறத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை படம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஹெல்மெட் காமிரா வேறு குலுங்கித் தொலைக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அதாவது ஸ்டெபிலைசேஷன் செய்யச் சொல்லி, இந்தக் கணினியிடம் கொடுத்தால் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் முடித்திருக்காது.

10:35. அவசரப் பதிவு

வண்டி கவிழ்ந்துவிட்டது. அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார்.

"உருண்டுட்டேன் பிள்ள. வண்டிக்கு அடியில காலு மாட்டிக்கிட்டு. ஹெல்மெட்டுக் கண்ணாடி உள்பக்கம் பூரா ஆவி புடிச்சிருக்கு, ஒண்ணும் தெரியல. எங்க கெடக்கேன்னு எனக்கே தெரியல."

இடம் காட்டும் கருவி செத்துவிட்டது. அவர் உடையிலுள்ள ரேடியோவின் பேச்சு செயற்கைக்கோள் வழியாக வருவதால் திசையும் தெரியாது. அவரிடம் இருக்கும் ஆக்ஸிஜன் பிற்பகல் மூன்று மணி வரை தாங்கும். ஆளில்லா வண்டியில் ஆக்ஸிஜன் உருளையை ஏற்றி வாசலில் நிறுத்திவிட்டேன். எங்கே போவது என்று சொன்னால் போதும், போய்விடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். வண்டியின் ஏரியல் உடையும் வரை அவருடைய ஹெல்மெட் காமிரா படம் அனுப்பியிருக்கிறது. கடைசி நாற்பது நொடியில் மலை விளிம்பு தெரிகிறது. வரைபட நிரல் அந்த விளிம்பைப் பொருத்திப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஆடும் படத்தை அது ஏற்காது. பூமிக்கு அனுப்பலாம் என்றால், கோப்பு போய்ச் சேரவே ஆறு மணி நேரம்.

11:15

படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திக் கண்ணாலேயே பார்த்தேன். சாம்பல் சரிவு, சாம்பல் பாறை. கறுப்பு வானம்கூட லாக்கில் சாம்பல். ஸ்டெபிலைசேஷன் நான்கு சதவீதம். "காத்திருக்கவும்" என்கிறது திரை. உன் வாயில் மண்!

12:20

முப்பத்தெட்டில் நின்றுவிட்டது. "பற்றிக்கொள்ளப் புள்ளிகள் போதவில்லை." போதாதுதான். முதலில் நிறத்தை ஏற்றி, பாறையும் வானமும் பிரிந்து தெரிய வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் வெறும் லாக் மேலேயே ஓட்டிவிட்டேன், மடச்சி. நிறம் ஏற்றினேன். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. படத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தேன், விளிம்பு மழுங்கிவிட்டது, வரைபட நிரல் துப்பிவிட்டது. மறுபடி முழு அளவு.

கணினியின் பாதிச் சக்தியைக் காற்றுச் சுத்திகரிப்பு தின்கிறது. அதை நிறுத்தினால் இங்கே எனக்கே மூச்சு இருக்காது.

"ஆச்சா பிள்ள?"

"ஆச்சு அண்ணாச்சி, இன்னும் கொஞ்சந்தான்."

பூமியிலிருந்து: "அசல் லாக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

13:40

நாற்பத்தேழு. பொறுக்க முடியாமல் ஆளில்லா வண்டியைக் கிழக்கே அனுப்பிவிட்டேன். அங்கே போவதாகத்தானே சொன்னார். இடம் தெரிந்ததும் திருப்பிக்கொள்ளலாம்.

"இந்தப் படத்த வெட்டி ஒட்டி எம் பொண்டாட்டிக்கு அனுப்பு பிள்ள. வண்டியக் கவுத்தத மட்டும் காட்டிராத. சாவுத வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

நான் சிரித்தேன். பிறகு மைக்கை மூடிவிட்டு அழுதேன். ஒரு சதவீதம் ஏறியது.

14:50

எண்பத்து மூன்று.

"பிள்ள... தூக்கமா வருது."

"தூங்கக்கூடாது அண்ணாச்சி! பேசுங்க, என்னத் திட்டவாவது செய்யுங்க!"

"ஒன்ன எதுக்குத் திட்ட... நீ என்ன செய்வ."

என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேசையைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

15:25

முடிந்துவிட்டது. படம் நிற்கிறது. வரைபட நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் இடத்தைச் சொன்னது.

கிழக்கே இல்லை. வழிகாட்டிக் கருவி அவரைச் சுற்றவிட்டிருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில், விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது நம் ஏரியல் கம்பம். நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவு. நடந்தே போகலாம், ஐயோ, நடந்தே போயிருக்கலாம்! உருளை ஏற்றிய வண்டி எங்கோ தொலைவில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி பதில் சொல்லிக் கால் மணி நேரமாகிறது. மாற்று உருளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன்.

17:40

போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சிக்கு உயிர் இல்லை. வண்டியை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. ஹெல்மெட் காமிரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மெமரி அட்டையை மட்டும் எடுத்து வந்தேன்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களே, அட்டையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி கவிழ்ந்த பிறகும் படம் இருக்கிறது, மணிக்கணக்காக. துளிகூட ஆடவில்லை. நடுவில் நம் ஏரியல் கம்பம். அதற்குக் கீழே, நான் உட்கார்ந்திருந்த அறையின் ஜன்னல் விளக்கு. ஆவி படிந்த கண்ணாடி வழியாக அவருக்கு அது தெரிந்திருக்காது.

ஒலியும் பதிவாகியிருக்கிறது. அவர் மூச்சு, என் குரல். "ஆச்சு அண்ணாச்சி, இன்னும் கொஞ்சந்தான்" என்கிறேன். "சரி பிள்ள" என்கிறார். மறுபடி சொல்கிறேன். மறுபடி "சரி" என்கிறார். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. நான் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்ச