கோரையும் பச்சைதான், அக்கா

யாருக்கும் பயப்படாத என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியபோது நான் நடுக்கடலில் இருந்தேன். கப்பல் கரை சேர்வதற்குள் உன் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. "கூடப்பொறந்தவளைவிடப் புழு பெருசாப் போச்சாக்கும்?" என்று சித்தப்பா கேட்டார். நான் அழுதேன். கடைசி நேரத்தில் என்னைக் கேட்டாயா, அக்கா?

அந்தப் புழுக்களின் சேதிதான் இது. ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளினால் அங்குள்ள உயிர்கள் பிழைக்குமா என்று பார்க்க, தொண்ணூறுகளில் ஓரிடத்தை இயந்திரம் விட்டுக் கிளறினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போய், சேறு எடுத்துச் சலித்து, புழுக்களை எண்ணுவது எங்கள் வேலை.

நீ போனபோது நான் எடுத்துக்கொண்டிருந்த சேற்றை வைத்துப் போன வாரம் அறிக்கை தயாரானது. எண்ணிக்கை பழையபடி வந்துவிட்டதாம். கடலடி தேறிவிட்டதாம், இனிக் கண்காணிப்பே வேண்டாமாம். எனக்கும் அலுப்பு. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் நத்தம் ரோட்டில் நம் வெங்காயத் தோட்டம் நினைவுக்கு வந்தது. லீவுக்கு வந்தவள், மழைக்குப் பின் பச்சையாகக் கிடந்ததைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு, வெங்காயம் அத்தனையும் முளைத்துவிட்டதென்று வீடு முழுக்கச் சொன்னேன். நீ என்னை வரப்புக்கு இழுத்துப்போய் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாய்; வெங்காயமில்லை, கோரைக் களை.

"கோரையும் பச்சைதான்டி. என்ன மொளைச்சிருக்குன்னு பாரு."

களை எடுக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பேனாவை மூடிவிட்டு, வகை பிரித்து மறுபடி எண்ணினேன். கிளறிய இடத்தில் சட்டென்று பெருகும் சில வகைகள்தான் நிறைந்திருந்தன. முன்பிருந்த வகைகளில் பலவற்றைக் காணவே இல்லை.

கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அடுத்த பயணத்தில் என் பெயர் இருக்காது என்றார் அதிகாரி.

"பேரை எடுத்துக்கங்க சார். தேறிருச்சுன்னு மட்டும் எழுதாதீங்க."

அறிக்கையை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அள்ளிய சேறு அது. அதை வைத்துப் பொய் எழுத விடுவேனா?

இனிச் சித்தப்பா கேட்டாலும் அழமாட்டேன். அந்த இடத்துக்கு மறுபடி போவேன். என்னைக் கப்பலில் ஏற்றும்வரை அவர்கள் அலுவலக வாசலை விட்டு நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

கோரையை வெங்காயம் என்று சொன்ன,
உன் தங்கச்சி