இருபத்தெட்டாம் எண் சட்டை

அன்பு மகன் டேரியனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. நீ அந்த அலாஸ்காக் குளிரில் விரல் மரத்துப் போகாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். நண்டு பிடிக்கிற உங்கள் படகு கரைக்கு வந்து சரக்கு இறக்கும்போதுதான் உங்களுக்குத் தபால் கிடைக்கும் என்று சொல்லியிருந்தாய். கிடைக்கிறபோது கிடைக்கட்டும். ஆனால் கிடைத்ததும் நின்றபடியே படிக்காதே, ஓர் ஓரமாய் உட்கார்ந்து படி. இங்கே ஏரிக்காற்று இப்போதே எலும்பைத் துளைக்கிறது. அப்பாவுக்கு பஸ் வேலை காலை ஷிப்டுக்கு மாறிவிட்டது, ரத்த அழுத்த மாத்திரையை நான் எடுத்துக் கையில் வைத்தால்தான் போடுகிறார். பெர்னிஸ் அத்தை புதுப் பல் கட்டிக்கொண்டாள், அதைக் காட்டுவதற்காகவே எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீ அதை ஒரு தடவைகூட என்னோடு உட்கார்ந்து பேசவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாய். ஆகஸ்டில் நம் ஊர் ஃபுட்பால் அணி ராஸ்கோ டில்லரியை எடுத்தபோது இந்தத் தெருவே கல்யாண வீடாக இருந்தது. அவருக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு முழங்காலும் அறுத்துத் தைத்தது, தோள் கழன்று மாட்டினது, போன வருஷம் பாதி ஆட்டத்தை ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே வந்து விழுகிற மலை மலையான ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிற வேலைக்கு இந்த வயதில், இந்த உடம்போடு ஓர் ஆளை எவனாவது எடுப்பானா. எடுத்தார்கள். பெயரைப் போட்டால் டிக்கெட் விற்குமே. உன் அப்பா துள்ளிக் குதித்தார். “அவன் ஒத்தக் கால்ல ஓடினாலே போதும் லொரெய்ன், எதிராளிக்கு வயித்தக் கலக்கும்” என்றார். அந்த அணியில் அதே இடத்துக்குத்தான் பெற்ற பிள்ளை மூன்று வருஷமாக உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. நான் சொன்னதற்கு, “பக்கத்துல நின்னு கத்துக்குவான், உனக்கு ஆட்டம் புரியாது” என்று என் வாயை அடைத்தார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன, நீயும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த டில்லரியின் படத்தைப் பசை போட்டு உன் அறைச் சுவரில் ஒட்டினாய், கிழித்தால் சுவர்த்தாளும் சேர்ந்து வரும், இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக வருகிற பெரிய ஆள் தன் பழைய எண்ணைக் கேட்டால், அதைப் போட்டிருக்கிற சின்னவன் சும்மா கொடுப்பதில்லை. கைக்கடிகாரமோ, காரோ எதையாவது வாங்கிக்கொண்டுதான் கொடுப்பான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. நீ மட்டும், “அவர்கிட்டப் போய் நான் பேரம் பேசுவேனாம்மா” என்று சொல்லி இருபத்தெட்டை அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டாய். அவரே எனக்கு போன் செய்து, “இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையாம்மா, நல்லா வளர்த்திருக்கீங்க” என்றார். நானும் அதை சர்ச் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்தச் சட்டையில் அவர் பெயரைத் தைத்த நூல் அழுக்காகும் முன்னே ஒருவன் காலையில் வந்து, “கோச் கூப்பிடுறாரு, ஆட்டப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டான். புத்தகத்தோடு போகிறவன் அணியில் இடமிழந்து வெறுங்கையோடு திரும்புவான் என்பது நம் ஊரில் பால்குடிக்குக்கூடத் தெரியும். எடுத்தது அவரை, அனுப்பினது உன்னை, நடுவில் இருந்தது உன் மரியாதை.

இனி நான் சொல்வது உனக்குத் தெரியாதது. அப்பாவிடம் உன் பெயர் போட்ட இருபத்தெட்டாம் எண் சட்டை இருந்ததே, அதை அவர் என்ன செய்தார் தெரியுமா. முதுகில் நம் குடும்பப் பெயர்மேல் வெள்ளை டேப்பை ஒட்டி, அதன்மேல் மை பேனாவால் டில்லரி என்று எழுதிக்கொண்டார். “நம்பர் அதேதான, புதுசு எதுக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் போட்டுக்கொண்டுதான் பெர்னிஸ் வீட்டுக்கு டிவியில் ஆட்டம் பார்க்கப் போவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் மாத்திரை போட மாட்டார்.

போன ஞாயிறும் போனோம். நான் சோளரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். மூன்றாவது தடவை பந்து கைக்கு வந்ததும் டில்லரி வலது பக்கம் திரும்பினார். யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை, அப்படியே மடிந்து விழுந்துவிட்டார். பெர்னிஸ் கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே, “போச்சு அண்ணி, கெழவன் கதை முடிஞ்சுது” என்றாள். உன் அப்பா எழுந்து நின்று சட்டையைக் கழற்றினார். அந்த மனிதரை இன்னும் தரையிலிருந்து தூக்கக்கூட இல்லை, இவர் நகத்தால் டேப்பை உரிக்க ஆரம்பித்துவிட்டார். “நம்ம பையனக் கூப்பிடாம இனி எங்க போவானுங்க” என்கிறார், கண்ணெல்லாம் ஈரம். நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் டேப்புக்கு அடியிலிருந்து நம் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது கண்ணா. ஒருவன் தரையில் கிடந்து துடிக்கிறான், நான் சந்தோஷப்படுகிறேன். அப்புறம் அவரை வண்டியில் ஏற்றினார்கள், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், மைதானமே கை தட்டியது. வண்டி மறைவதற்குள் பாட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மீந்த சோளரொட்டியைக் குப்பையில் கொட்டினேன்.

திங்கட்கிழமை அணி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் போன் செய்தான். தேன் ஒழுகுகிற பேச்சு. “டேரியன் போன எடுக்கலம்மா, வியாழக்கிழமைக்குள்ள வந்து நின்னான்னா சட்டை ரெடி, அதே இருபத்தெட்டு” என்றான். ஆகஸ்டில் உன்னை அனுப்பினபோது இந்தத் தேன் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டு, சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அவசரமென்றால் துறைமுக அலுவலகத்துக்குச் சொன்னால் படகுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் போகும் என்று நீ எழுதி வைத்த எண் ஃபிரிஜ் கதவில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து எண்ணை அழுத்தப் போகும்போது டில்லரியே மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். “நம்பர அவனுக்கே விட்டுடச் சொல்லிட்டேம்மா, அது எப்பவும் அவனோடதுதான்” என்றார். வலி மாத்திரையில் நாக்கு குழறியது. எத்தனை ஆப்பரேஷன் ஐயா ஆச்சு என்று கேட்டேன். “எண்ணுறத விட்டுட்டேன்” என்றார். முழங்கால் தாங்காமல் வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம், அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். உங்களுக்கு ஒரு பையன் இருந்தால் அவனை இதற்கு வரச் சொல்வீர்களா என்று கேட்டேன். “எனக்கு ரெண்டும் பொண்ணுங்கம்மா” என்றார். அவர்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மேல் நான் அந்த எண்ணை அழுத்தவில்லை. புதன்கிழமை அலுவலக ஆள் மறுபடி கூப்பிட்டபோது, படகு கடலில் இருக்கிறது, அவனுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை என்றேன். பச்சைப் பொய். அப்பா தினமும், “சொல்லிட்டியா, என்ன சொன்னான்” என்று கேட்கிறார், சொல்லியாகிவிட்டது, பதில் வரவில்லை என்கிறேன். சட்டையை வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், டேப் போனாலும் பசை போகவில்லை, எந்த சோப்புக்கும் அசையவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. டெக்சாஸிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்கள் என்று காலைப் பேப்பரில் போட்டிருக்கிறது. அவனுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருப்பாள். பேப்பரைப் பார்த்த பிறகுதான் இதை எழுத எடுத்தேன், அதற்கு முன் எழுதியிருந்தால் எங்கே மனம் மாறி போன் செய்துவிடுவேனோ என்று பயம். கடலும் ஆளை விழுங்கும்தானே என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியும், நான் தூங்குவதில்லை. ஆனால் கடலில் விழுகிறவனைப் பார்த்து எவனும் கை தட்டுவதில்லை.

உன் ஆசை என்னவென்று தெரிந்தேதான் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று உன்னிடமும் பொய் சொல்ல மாட்டேன். என்னைத் திட்டு, எழுதாமல் இரு, பொறுத்துக்கொள்வேன். இல்லையென்றால் நேரில் வந்து, இந்த வீட்டு மாடிப்படியில் முன்பக்கமாக இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரே நின்று கத்து. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, நீ வந்த அன்றைக்கு இரண்டு பேருமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டவர் உன் தலைமுடி ஒன்றுக்கும் சேதம் வராமல் காப்பாராக. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு அனுப்பியிருக்கிறேன், ஈரக் காலோடு படுக்காதே.

உன்மேல் பிரியமுள்ள, நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் உன் அம்மா,
லொரெய்ன்