அந்த அறுபதைத் தைத்தது யார்?

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன், கடிதமாவது எழுது என்றாயே, இதோ.

கல்லூரியில் பாடம் நடத்த வந்து எனக்கு இது மூன்றாவது மாதம். புள்ளியியல் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒரு கேள்வி கேட்டால் போதும், அத்தனை பேருக்கும் நோட்டில் ஏதோ அவசர வேலை வந்துவிடுகிறது. ஆன்லைன் வகுப்பு இன்னும் மோசம். கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுகிறேன். யாரைக் குறை சொல்ல? மூன்று வருஷம் வாயே திறக்காமல் பட்டம் வாங்கியவள்தானே நானும்.

இருபதாம் தேதி ஆன்லைன் வகுப்பைத் துறைத்தலைவர் பார்க்கப் போகிறார். மாணவர்கள் பேசினால்தான் அடுத்த பருவத்துக்கு எனக்கு வேலை. இணைப்பை உன் போனுக்கு அனுப்புகிறேன். தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.

உன் குட்டி

ஜூன் 14

குட்டிம்மா,

அன்னைக்கு எனக்கு வார லீவுதான், வர்றேன். பத்தாவதோட நின்னவ காலேஜ் வகுப்புக்குப் போறேன்னு சட்டைக் கம்பெனி முழுக்கச் சொல்லியாச்சு.

நீ சின்ன வயசுல விடுகதை போட்டுட்டு, நாங்க யோசிக்கிறதுக்குள்ள விடையையும் சொல்லிடுவ. இப்பவும் நீ அதைத்தான் பண்ணுவன்னு நினைக்கிறேன். கேட்டுட்டுக் கொஞ்சம் வாயை மூடிட்டு இரு. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே!

சாப்பிட்டுட்டுப் போ.

அக்கா

ஜூன் 24

அக்கா,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

சராசரி என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் பத்துவரை எண்ணினேன். அப்போதுதான் உன் குரல் வந்தது: "டீச்சர், எங்க லைன்ல ஒருத்தி எண்பது காலர் தைக்கிறா, ஒருத்தி நாப்பது. போர்டுல சராசரி அறுபதுன்னு எழுதுறாங்க. அந்த அறுபதைத் தைச்சது யாரு?"

யாரோ சிரித்தார்கள். "யாரது?" என்றார் துறைத்தலைவர். என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். "யாரோ தவறி வந்துட்டாங்க சார்" என்று உன்னை வெளியேற்றினேன். பொத்தானை அழுத்தியதும் இதை எழுதும் இதே கைதான்.

உடனே ஒரு கட்டத்தில் முகம் தெரிந்தது. "மேடம், அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?" பிறகு இன்னொரு முகம். திங்கட்கிழமை நேர் வகுப்பில் கடைசி பெஞ்சுவரை வாக்குவாதம். "எண்பதுலேர்ந்து இருபதை எடுத்து நாப்பதுக்குக் குடுத்தா ரெண்டும் அறுபது. ஆனா தைச்சவங்களைக் கேக்கவே இல்லையே!" என்றாள், இதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண்.

வேலை நிலைத்துவிட்டது. துறைத்தலைவரிடமும் வகுப்பிலும் சொல்லிவிட்டேன்: அன்று கேட்டது என் அக்கா, அவள் தைத்துத்தான் நான் படித்தேன்.

மன்னித்துவிடு.

குட்டி

ஜூன் 29

குட்டிம்மா,

கோபத்துலதான் போனை எடுக்கலை. வகுப்பு எப்படின்னு கம்பெனில கேட்டாங்க. நெட்டு போயிடுச்சுன்னு நானும் ஒரு பொய் சொன்னேன்.

நேத்து சாப்பாட்டு நேரத்துல உன் கடிதத்தைச் சத்தமா வாசிச்சேன், வெளியேத்தின இடத்தையும் விடாம. எண்பது தைக்கிறவ எந்திரிச்சு நின்னு, "என் இருபதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு உன் தங்கச்சிய"ன்னா.

அடுத்த வகுப்புக்கு அவளும் வர்றா, நாப்பதும் வர்றா. ஒரே போன்ல மூணு பேரு, கேமரா போட்டுத்தான் உட்காருவோம்.

தைரியம் இருந்தா வெளியேத்திப் பாரு.

அக்கா