அக்காவுக்குத் தளர்த்தாத ஸ்பிரிங்

1973 ஆவணி, செவ்வாய்க்கிழமை

கண் ஆபரேஷன் முடிந்து இன்று அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். தலை அதிராமல் கூட்டிப்போகச் சொன்னார் டாக்டர். பஸ் தூக்கிப் போடும் என்று நான்தான் பெரிய மனிதனாக என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கூரத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நேற்று அரிசி மூட்டை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கைக் கடைசிப் பல் வரை இறுக்கியிருந்தேன். எலும்பும் தோலுமான அக்காவுக்கு அது கல் மாதிரி இருக்கும். ஞாபகம் வராமல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்தது. ஸ்பேனர் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. வேட்டி அழுக்காகும் என்று விட்டுவிட்டேன்.

ஏரிக்கரைக்கு அப்புறம் ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொன்றிலும் வண்டி குதித்தது. அக்கா ஒரு கையால் கண்கட்டைப் பொத்திக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். அந்த விரல்கள் இறுகிய இடம் இன்னும் வலிக்கிறது.

அவள் வீட்டு வாசலில் இறங்கியபோது கட்டின் ஓரம் ஈரமாயிருந்தது. கண்ணீரா வேறு எதுவா, கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

"வலிக்குதாக்கா?" என்றேன்.

"தறிக்குப் பாவு நூலு எடுத்துக்கினு வர்ற அன்னிக்கு, சிக்காயிடும்னு ஸ்பிரிங்கைத் தளத்திக்கினு வருவியேடா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வண்டியைத் திருப்பினேன். என் வீட்டுக்கு வந்ததும் அதே வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன்.

நாளைக் காலையில் பாவு கொண்டுபோக வேண்டும்.