மேடை மாறிய புத்தளம் கோச்சி

அன்புள்ள ஸரீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் புத்தளம் கோச்சியின் மேடையை மாற்றிவிட்டு, அது புறப்படும் நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதனால்தான் என் கூடப்பிறந்த இஸ்ஹாக் காக்காவின் ஜனாஸா அடக்கத்துக்கு நான் வந்துசேரவில்லை. நீயும் நம் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. மேம்பாலப் படியில் ஓடியதில் முழங்கால் சற்று வீங்கியது, அவ்வளவுதான்.

நான் மேல்படியில் நிற்கும்போதே கோச்சி நகர்ந்துவிட்டது. நிலைய அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"தூரக் கோச்சி பிந்தி வந்திச்சு நாநா. அதுக்கு நீளமான மேடை வேணும். உங்கடது சின்னக் கோச்சிதானே, எங்க விட்டாலும் நிக்கும்."

"கோச்சி நிக்கும் மகன், ஜனாஸா நிக்காது" என்றேன். அவர் அடுத்த கோச்சியை அறிவிக்கப் போய்விட்டார்.

பஸ் பிடித்து வழியில் சிலாபம் வந்தபோது காக்காவின் மகன் தாஹிர் போனில் கோல் எடுத்து, "சாச்சா, அடக்கியாச்சு" என்றான். அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது.

கடை திறக்க நேரமாகிறது. முழங்காலுக்குப் பூசும் எண்ணெயை நீ யாரிடமாவது கொடுத்துவிடு. மேடையை மாற்றினால், கோச்சி வருமுன்பே அந்த அதிகாரி சொல்ல வேண்டும். அதை மேலிடத்துக்கு நான் எழுதுவேன். காக்காவை அடக்கிய கபுறின் தலைமாட்டில் அடையாளத்துக்கு மீஸான் கட்டையை யாரும் நடக் கூடாது, நான் வந்து நடுவேன். என்னை அங்கே தாஹிர்தான் கூட்டிப்போக வேண்டும். காக்காவின் முகத்தைக் கடைசியாக மூடியது அவன்தானே.

ஜுனைதீன்