ஃபிரிட்ஜ் கதவில் பதினோராவது பாடம்

அன்பு மகளுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பதை உன் அப்பாவுக்கு நீ அனுப்பும் குரல் செய்திகளிலிருந்து தெரிந்துகொள்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

ஒர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து எட்டு மாதமாக உன் தம்பிகள் இரண்டு பேரையும் உன் அப்பா பார்த்துக்கொள்கிறார், நான் பதிப்பகத்தில் முழுநேரமாக மெய்ப்பு பார்க்கிறேன். அவர் பிள்ளை வளர்ப்பில் கற்றுக்கொள்வதையெல்லாம் எண் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார், உனக்கும் சொல்கிறார். குளிக்க வா என்று கூப்பிடாதே, சிவப்பு வாளியா நீல வாளியா என்று கேள். ரொட்டியைக் கேட்காமல் வெட்டாதே, வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. வீடு அமைதியாக இருந்தால் ஓடிப்போய்ப் பார். நீயும் உடனே ‘கலக்குறீங்கப்பா’ என்கிறாய். இதெல்லாம் உன்னை வளர்த்தபோதே நான் கற்றதுதான், அப்போது இதை யாரும் பாடம் என்று சொல்லவில்லை, கதவிலும் ஒட்டவில்லை. போன மாதம், ‘அப்பா பாவம்மா, ஒரு வார்த்தை பாராட்டினா என்ன கொறஞ்சிடும்’ என்று எனக்கு உபதேசம் வேறு. அதைக்கூட விட்டுவிடுகிறேன். கோபம் அதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்கப் போனேன், கதவில் புதுத் தாள். ‘பதினொன்று: சின்னவனைக் கூப்பிடும்போது வலப்பக்கம் நில்.’ இது என்ன என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் திரும்பவே இல்லை. ‘அவனுக்கு எடது காது சரியா கேக்கலைன்னு தோணுது’ என்றார். ஒர்க்‌ஷாப்பில் வண்டி இஞ்சின் உறுமுவதை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் அல்லவா, அவன் பொம்மைப் படம் பார்க்கும்போது பின்னால் நின்று ஒவ்வொரு பக்கமாக இரண்டு ஸ்பேனரைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று வாரமாக. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், ‘டாக்டர் பார்க்கட்டும், அதுவரைக்கும் அம்மாகிட்ட வேணாம், ஒடைஞ்சு போயிடுவாங்கன்னு பொண்ணுதான் சொன்னா’ என்கிறார். மறைக்கச் சொன்னதை மறந்து, பழக்கதோஷத்தில் அதையும் எழுதி ஒட்டிவிட்டார். உங்கள் கூட்டணி ரகசியம் காக்கும் லட்சணம் அது.

நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? நாற்பத்தொரு வயதில் இரட்டைப் பிள்ளை பெற்றபோதே உடையாதவள். நீங்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஒருநாள் காலை எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஷூ போட வா என்று நாலு தடவை கூப்பிட்டேன். பெரியவன் வந்தான், சின்னவன் திரும்பவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன். ‘காது செவிடா’ என்று கேட்டேன். இதே வார்த்தை. நீங்கள் சொல்லியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. ஊரான் எழுதியதில் ஒரு புள்ளி விடுபட்டாலும் என் கண்ணில் படும், ஆனால் என் பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டதை நான்கு வருடமாகப் பிடிவாதம் என்றே நினைத்திருக்கிறேன். உங்கள் மேல் வருகிற கோபத்தை எழுதிவிட முடிகிறது. இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காது மருத்துவரிடம் போகிறோம். நான் லீவு சொல்லிவிட்டேன், அப்பாவே பார்த்துப்பார் என்று ஆரம்பிக்காதே. மருத்துவர் என்ன சொன்னாலும் அன்று சாயங்காலம் நானே உனக்குச் சொல்வேன், நீயும் இனி எதுவாக இருந்தாலும் என்னிடம் நேராகச் சொல். பன்னிரண்டாவது தாளை நானே எழுதி ஒட்டிவிட்டேன்: ‘அம்மாவுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.’ உன் அப்பா படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நல்லா இருக்கணும் என்பதில் மாற்றமில்லை.

இன்று காலை டி.வி.யை அணைத்துவிட்டு, சின்னவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, ஷூ போடலாமா என்று மெல்லத்தான் கேட்டேன். உடனே காலை நீட்டினான்.

இப்படிக்கு,
உன் அம்மா