நாற்பது நாள் வாரண்டி

ஜனவரி 8

அன்புள்ள வைத்தியருக்கு,

நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிந்து வந்த எட்டாம் நாளே கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். எனக்காக எழுதவில்லை, நோயாளிக்காக எழுதுகிறேன்.

லேப்டாப் படுத்துவிட்டது. முந்தாநாள் ஒருவருடைய சமையலறையை வரைந்துகொண்டிருந்தபோது திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் ஓடின. அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் ஒரே இருட்டு. அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. வீடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிழைக்கிறவளுக்கு இது கை ஒடிந்த மாதிரிதான். இங்கேயும் கடைகள் இருக்கின்றன. ஆனால் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவரைக் கட்டிக்கொண்டு கண்ட கடையில் கொடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

பாஸ்வேர்டு பழையதுதான். சோதித்துப் பார்க்க வேண்டியிருக்குமே.

அண்ணன் முன்னால் பேசியதை மட்டும் மறக்க வேண்டாம். ஜூன் முடியும் வரை போன் இல்லை, நேரில் வருவது இல்லை, கடிதம் மட்டும். "எங்க இருக்க, யார்கூட இருக்க" என்று நாளுக்கு இருபது தடவை அடிக்கிற போன் இல்லாமல் ஆறு மாதம் மூச்சுவிட்டுப் பார்க்கிறேன். திரும்பி வருவதா இல்லையா என்று ஜூன் கடைசியில் நானே சொல்கிறேன். பார்சலை என் அலுவலக முகவரிக்கே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் கொத்தனார்


ஜனவரி 15

அன்புக் கொத்தனாருக்கு,

திரையில் வீடு கட்டுகிறவளுக்கு இந்தப் பெயர் வைத்தவன் நான். கடிதத்தின் கீழே அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. கடைப் பையன்கள் முன்னால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

நோயாளி பிழைத்துவிட்டது. படம் வரைகிற கிராபிக்ஸ் சிப்பு, சூட்டில் விரிந்து சுருங்கி, அடியில் இருக்கும் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது. சூடான காற்றடித்து ஈயத்தை இளக்கி, பழையபடி உட்கார வைத்திருக்கிறேன். கெடுத்ததும் சூடுதான், மருந்தும் சூடுதான். இனிமேல் மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதே, காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியிலிருந்து நீல நூலாக ஒரு பிடி எடுத்தேன். நம் வீட்டில் நீல விரிப்பே கிடையாதே. புதிதோ?

இன்னொரு தடவை படுத்தால் உன் உழைப்பு போய்விடக்கூடாது என்று, உள்ளே இருப்பதையெல்லாம் இங்கே ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்காமலே செய்வதுதானே புருஷன் வேலை.

எங்கே தங்கியிருக்கிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை, பார்த்தாயா?

உன் வைத்தியர்


பிப்ரவரி 27

அன்புள்ள வைத்தியருக்கு,

உங்கள் வைத்தியம் சரியாக நாற்பது நாள் தாங்கியது. பார்சல் வந்த தேதியை மேசைக் காலண்டரில் குறித்திருந்தேன், அதனால் தெரிந்தது. நாற்பது நாள் வாரண்டி கொடுக்கிற கடை உலகத்திலேயே உங்களுடையது மட்டும்தான்.

இந்த முறை மானம் போய்விட்டது. வீடு கட்டப்போகிற தம்பதி எதிரே உட்கார்ந்திருக்க, அவர்களுடைய கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதிச் சுவரில் பச்சைக் கோடு வந்தது. அந்த அம்மாள் அதை அலங்காரம் என்று நினைத்து, "இந்தக் கலர் வேணாம்மா" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். அடுத்த நிமிடம் திரை இருண்டது. மெத்தையில் வைக்கவில்லை, கெட்டி மேசையில்தான் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன், நம்புங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் இப்படிப் பொறுமையாகப் பேசி எவ்வளவு நாள் ஆகிறது. வீட்டில் இருந்தபோது பேசியிருந்தால் இந்தப் பார்சல் செலவே இருந்திருக்காது.

உங்கள் கொத்தனார்


மார்ச் 5

அன்புக் கொத்தனாருக்கு,

மறுபடியும் அதே சிப்பு. பழைய மாடல், அதன் பிறவிக் குணம் அது. ஈயத்தை இளக்கி உட்கார வைத்தேன், புதுப் பசை போட்டேன், இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். இப்போது குழந்தை மாதிரி தூங்குகிறது.

கீழ்க் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? வியாழக்கிழமை காட்டப் போனாயா, வழக்கம்போல் தள்ளிப் போட்டுவிட்டாயா? பல் விஷயத்தில் நீ கோழை, எனக்குத் தெரியாதா.

இன்னொன்று. பக்கத்து மேசை நெட்டையரிடம் அளவோடு பழகு. பார்க்க நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் எல்லாப் படத்திலும் உன் பக்கத்தில்தான் நிற்கிறார். தப்பாக எதுவும் சொல்லவில்லை. அக்கறையில் சொல்கிறேன்.

கூடத்துச் சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் அடித்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது. அந்த அம்மாளுக்குப் பிடிக்கும்.

உன் வைத்தியர்


ஏப்ரல் 17

அன்புள்ள வைத்தியருக்கு,

எண்ணிப் பாருங்கள், மறுபடியும் நாற்பது. கோடு, கட்டம், இருட்டு. முதலாளியம்மா தன் கம்ப்யூட்டரைக் கடன் கொடுத்ததால் வேலை தப்பித்தது.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். போன வாரம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டில்மேல் வைத்தேன். துணி எதுவும் அடுக்கவில்லை, வெறுமனே வைத்தேன். இப்படி உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிற மனிதர் மாறியிருக்க மாட்டாரா என்று தோன்றியது. ஜூன் வரை போக வேண்டாமோ என்றுகூட நினைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. என் பல் வலி உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. வியாழக்கிழமை என்றும் எழுதவில்லை. நெட்டையரைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை.

சண்டைக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

கொத்தனார்


ஏப்ரல் 24

என் அன்புக் கொத்தனாருக்கு,

பெட்டியை இறக்கி வைத்தாய் என்ற வரியைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தேன். வந்துவிடு. ஜூன் வரை எதற்கு?

பல் வலி உன் அண்ணி சொன்னது. நெட்டையர் விஷயமும் அவர்தான். பேச்சுவாக்கில் வந்தது. கட்டினவனுக்குப் பெண்டாட்டியின் பல் வலி தெரிந்தால் அது குற்றமா?

உன் கேள்வியில் கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்தான். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு ஒடிய உன் பொருளைப் பார்க்கிறேன், நீ என்னைச் சந்தேகப்படுகிறாய்.

லேப்டாப் சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இதை வேறு யார் கையிலும் கொடுக்காதே. தெரியாதவன் திருகைத் தொட்டால் போர்டே போய்விடும். இதன் உடம்பு எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் வைத்தியர்


ஜூன் 6

அன்புள்ள வைத்தியருக்கு,

நாற்பதாவது நாள். படுத்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன்.

வேலை அதிகம், நீளமாக எழுத நேரமில்லை. பாஸ்வேர்டு மாற்றவில்லை. பெட்டி கட்டில்மேலேயே இருக்கிறது. மற்றதை மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். வழக்கம்போல் அலுவலகத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

கொத்தனார்


ஜூன் 14

என் ஆசைக் கொத்தனாருக்கு,

இந்தப் பார்சல் உன் அலுவலகத்துக்கு வராமல் நேரே இங்கே வந்ததைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பாய். மூன்றாவது தெரு, பதினாலாம் எண், இரண்டாவது மாடி. மனமிருந்தால் மார்க்கமுண்டு. என்னிடம் மறைத்துப் புது வீடு பார்க்கிறவளுக்கு இது ஒரு சின்னத் தண்டனை என்று வைத்துக்கொள்.

கோபம் வந்தது உண்மை. ஒரு நாள் முழுக்கக் கடையில் எதையும் தொடவில்லை. அப்புறம் நீ வரைந்து வைத்திருக்கிற அந்த வீட்டை நாலு தடவை சுற்றிப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்திருப்பது நல்ல யோசனை. பால்கனியில் இரண்டு நாற்காலி. படுக்கையறை அலமாரி ஓர் ஆளுக்கு அகலம் அதிகம். அதைப் பார்த்ததும் உன் மனசு எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொல்ல வெட்கப்படுகிறாய், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் வந்தேன். பேச்சை மீறியதாக நினைக்காதே. உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ ஃபைலும் கையுமாக மாடிக்குப் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு அம்மாள் அழுதுகொண்டே இறங்கினாள். அக்கம்பக்கம் அவ்வளவு சரியில்லை. நீ கண்ணில் படவில்லை. நெட்டையரும் படவில்லை, அது ஒரு ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் உட்கார மாட்டேன். வாசலில் உன் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்புக்கும் ஓர் இடம் விட்டு வை.

என்றும் உன் வைத்தியர்


ஜூன் 18

வைத்தியருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தது நான் இல்லை. மூன்றாவது தெரு, பதினாலாம் எண், இரண்டாவது மாடி என் வக்கீலம்மாவின் அலுவலகம். அவர் படித்தார். அடுத்து அண்ணன் படித்தார். பேச்சை நடத்திவைத்தவர் அவர், அதனால் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டே இறங்கிய அந்த அம்மாளின் வழக்கும் என்னுடைய வழக்கு மாதிரிதானாம்.

ஏப்ரலில் உங்கள் பதில் வந்த அன்றே அண்ணியைக் கேட்டேன். ஜனவரிக்குப் பிறகு அவர் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பல் வலி அவருக்கே தெரியாது. அது ஒரே இடத்தில்தான் இருந்தது, லேப்டாப்பில் நான் குறித்து வைத்த வாரப் பட்டியலில்.

அன்று மாலையே தெருமுனைக் கடைக்கு அதை எடுத்துப் போனேன். வேறு யார் கையிலும் கொடுக்காதே என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். "இது தானா கெட்டதில்லம்மா. சிப்பு மேல தகட்டப் பிடிக்கிற திருகு நாலுல ரெண்ட இறுக்கவே இல்ல. விசிறி பாதி வேகத்துக்கு மேல போகாதபடி பூட்டி வச்சிருக்காங்க. ஒன்றரை மாசம் தாங்கும், அப்புறம் படுக்கும். செஞ்சவன் நல்லா வேல தெரிஞ்ச ஆளு." சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே மூடிக் கொடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறார்.

நாற்பது நாளுக்கு ஒரு தடவை என் வாழ்க்கை பார்சலில் வந்து உங்கள் மேசையில் இறங்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை பொறுமை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். நான் தொட்டில் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெட்டியை இறக்கி வைத்தேன் என்று எழுதினேனே, அந்த வரிதான் இப்போது அதிகம் வலிக்கிறது. அது பொய்யில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட நான் வந்திருப்பேன்.

அந்த லேப்டாப்பை அதற்குப் பிறகும் அணைக்காமல் ஓடவிட்டேன், அது தானாகப் படுக்கும் நாளுக்காக. உங்களுக்காக ஒரு வீடு வரைந்து, வக்கீலம்மாவின் முகவரியைப் போட்டு வாடகைப் பத்திரம் ஒன்று தட்டி, இரண்டையும் உள்ளே வைத்து, உங்கள் கணக்குப்படியே அனுப்பினேன். கடிதத்தில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. உள்ளே புகுந்து தேடினவருக்கு மட்டும்தான் கிடைக்கும்.

வாடகைக்கு எடுத்த வீடு எதுவும் இல்லை. நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

ஜூன் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். நான் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவின் அலுவலகம் பூட்டியிருக்கும், வீண் அலைச்சல். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தால் நோட்டீஸைக் கையிலேயே வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் அவரிடம் இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை.

ஜன்னல், பால்கனி, அலமாரி எல்லாவற்றையும் நாலு தடவை சுற்றிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். செருப்பு விட இடமும் கேட்டிருந்தீர்கள். இன்னொரு தடவை திறந்து பாருங்கள், பிரதிதான் உங்களிடம் இருக்கிறதே. அந்த வீட்டுக்கு நான் வாசல் வரையவில்லை.